மாலீஷ் பாய் கேட்ட கேள்வி

வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஜுரம் இருக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். பழைய வேட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் கையோடு கொண்டுவர வேண்டும். எண்ணெய்க் கறை போகாது, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது என்பார். கல்யாணமானவன் என்றால் முதல் நாள் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மற்ற நாட்களுக்கு வேண்டாம், முதல் நாள் மட்டும் கட்டாயம். ராயபுரத்தில், எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுக்கிற மாலீஷ் பாயிடம் உடம்பைக் காட்டப் போகிற எவருக்கும் இவ்வளவும் முன்னாலேயே தெரிந்திருக்கும். போய் வந்தவர்கள் போகப் போகிறவர்களுக்குச் சொல்லி வைப்பார்கள்.

அந்தக் கடைசி விதியைக் கேலி பேசாத ஆள் கிடையாது. "எண்ணெ தேச்சுக்கப் போறவனுக்குப் பொண்டாட்டி காவலா?" என்று துறைமுகத்து ஆட்கள் சிரிப்பார்கள். பாய் சிரிக்கமாட்டார். "ஆம்பள வலிய மறைப்பான் நைனா. சொன்னா கௌரவம் பூடும், வேல பூடும். காலைல பாய வுட்டு எப்டி எழுந்துக்கறான், செம்பத் தூக்கச்சொல்லோ மூஞ்சி எப்டி கோணுதுன்னு பாக்கறவ அவதான். அவ வாய்தான் எனக்கு எக்ஸ்ரே" என்பார். புருஷனிடம் ஒரு தடவை கேட்பார். அதே கேள்வியை மனைவியிடம் திருப்பிக் கேட்பார். மனைவி சொன்னதை வைத்துத்தான் உடம்பில் கை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். நானும் ஒரு நாள் அவர் முன்னால் அப்படி நின்றேன். எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஊரில் யார் யாரோ செய்த தப்பெல்லாம் மறந்துவிட்டது, நான் செய்தது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

பாய்க்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மாலீஷ் என்றதும் ஒரு பயில்வானை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அவரைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒல்லி ஆள், கொஞ்சம் கூன், ஒரு பக்கம் நூல் கட்டிய கண்ணாடி. யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். அங்கே படுத்த படுக்கையாய்க் கிடந்த சிப்பாய்களுக்குக் கை கால் பிடித்துவிட்டே தொழிலைக் கற்றுக்கொண்டாராம். காசிமேட்டுப் பக்கம், படகு பழுது பார்க்கிற இடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மூன்று பக்கமும் திறந்தே கிடக்கும். நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பலகை, கீழே கும்மட்டி அடுப்பில் எண்ணெய்க் கிண்ணம், தண்ணீர் நிரப்பிய ஒரு பானை, ஒரு சோப்புக்கட்டி. அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. அடுத்தடுத்து வந்தவர்கள் சுற்றிலும் மணலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, பலகையில் கிடக்கிறவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறைப்பு, தட்டி என்று ஒன்றும் கிடையாது. ஒருவன் உடம்பில் என்ன கோளாறு என்று எல்லார் காதிலும் விழும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். எனக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் ஐந்து மாதம். நாங்கள் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில், அவருடைய அண்ணன் வீட்டில் பின்பக்கத்து அறையில் இருந்தோம். தினமும் விடிந்ததும் துறைமுகத்து வாசலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி கை நீட்டிக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. கூப்பிடாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பி வந்து, பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அப்படித் திரும்பி வருகிற நாட்களில் அவரிடம் நான் வாயே கொடுக்கமாட்டேன். மற்ற நாட்களில் வீட்டில் என் ராஜ்ஜியம்தான். எட்டாவது படித்த பெண் என்று என்மேல் அவருக்கு ஒரு பெருமை. "எங்கூட்டு வாத்தியாரம்மா" என்று ஆட்களிடம் சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம்தான் தினக்கூலி ஆட்களில் கொஞ்சம் பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பேர் பதிவாகிவிட்டால் மேஸ்திரி முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம், வேலை இல்லாத நாளுக்கும் ஏதோ உண்டு, அடிபட்டால் கேட்க நாதி உண்டு. 'பர்மனெண்ட்' என்ற அந்த ஒரு வார்த்தையை அந்தச் சந்தில் எத்தனை பெண்கள் சாமி பேர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தோம்! மேஸ்திரி தன் கூட்டத்திலிருந்து பேர் கொடுப்பார். குறித்த நாளில் போய் டாக்டர் முன்னால் நிற்க வேண்டும், மூட்டையோடு நடந்து காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் பேரை மேஸ்திரி கொடுத்துவிட்டார். நாள் ஒரு திங்கட்கிழமை என்று சொன்னார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்னால் கோதுமை மூட்டை அடுக்கு சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, "மூட்டைக்கு என் மேல ஆச" என்று சொல்லிச் சிரித்தாராம். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சிரித்தார். இரண்டு நாள் கழித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் வலி இடது தொடை வழியாக இறங்கியது. அதற்கப்புறம் இடது காலில் வலி குறைந்து, மரத்துப் போக ஆரம்பித்தது. வலி போச்சு என்று அவர் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் பயமாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து அந்தக் காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்ததை நான் தூங்குகிற மாதிரிப் படுத்தபடியே பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாயிடம் போகலாம் என்று முடிவாயிற்று. மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பழைய வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். ரயில் பாதையைத் தாண்டியதும் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"இந்தாமே, பாய் கேட்டார்னா கால் மரத்துப் போறத மட்டும் சொல்லிடாத."

"ஏன்?"

"மரத்துப் போற கேஸுன்னா அவரு கையே வெக்க மாட்டாரு. பெரியாஸ்பத்திரிக்குப் போன்னுடுவாரு. அங்க போனா மாசக் கணக்குல படுக்கப் போட்டுடுவான். திங்கக்கெழமைக்கு நான் எங்க போறது?"

"அதுக்காக அவர்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா? என்னால முடியாதுய்யா."

"இன்னாமே நீ, பெரிய அரிச்சந்திரன் பொண்டாட்டி!"

"ஆமா, அப்டித்தான் வெச்சுக்கோ."

இப்படி வழக்காடிக்கொண்டே நடந்தபோது அவருடைய இடது கால் டயர் செருப்பு கழன்று பின்னால் தங்கிவிட்டது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார். பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பார். கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடந்த பாதை. வெறும் காலில் நடக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தேன். கூப்பிட்டு நிறுத்தி, காலில் மாட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே நான் தீர்மானம் செய்துகொண்டேன், என்ன ஆனாலும் பாயிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று. கல்லில் எழுதியது மாதிரித் தீர்மானம். அது கொட்டகை வாசல் வரைக்கும் இருந்தது.

கொட்டகையில் எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மேஸ்திரியின் மச்சான். மேஸ்திரிக்கு அவன்தான் கண்ணும் காதும். எவன் குடித்தான், எவன் சங்கத்துக்காரனோடு பேசினான், எவனுக்கு முதுகு போச்சு என்று மறுநாள் காலையில் துறைமுகத்து வாசலில் ஒப்பிப்பது அவன் வேலை. மணிக்கட்டு சுளுக்கு என்று வந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டி, "இன்னாபா, நீயும் வந்துட்டியா? திங்கக்கெழம மூட்ட தூக்கணுமே" என்றான். என் வீட்டுக்காரர், "சும்மா பிடிப்புதான், எண்ணெ போட்டா பூடும்" என்று சிரித்தார்.

எங்கள் முறை வந்தது. பாய் முதலில் சோப்பு போட்டுக் கை கழுவினார். வேட்டியை அவிழ்த்துக் கோவணத்தோடு பலகையில் குப்புறப் படுக்கச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் அப்படிப் படுக்க என் வீட்டுக்காரருக்கு வெட்கம். "வெக்கப்பட்டா சதை இறுகும் நைனா. சதை இறுகுனா வேல எனக்குத்தான் ஜாஸ்தி" என்றார் பாய். சொல்லிவிட்டு உடனே தேய்க்க ஆரம்பிக்கவில்லை. முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் சும்மா வைத்துக்கொண்டு நின்றார். மூச்சு சீராக வரும் வரைக்கும் கையை அசைக்கவில்லை. வலித்தால் கத்த வேண்டும், வலியை அடக்குகிறவனைத் தான் தொடமாட்டேன் என்றார். இதமாக இருக்கிற வலி வேறு, சுருக்கென்று ஓடுகிற வலி வேறு, ஓடுகிற வலி வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்றார். குரல் தணிந்த குரல். பயந்து வந்தவன் அதிலேயே பாதி பயம் தெளிந்துவிடுவான்.

அப்புறம் துண்டால் அவர் கண்ணை மூடிவிட்டு, ஒரு நெருப்புக் குச்சியால் உள்ளங்காலில் கீறினார். வலது காலில் கீறியதும், "தெரியுது பாய்" என்று பதில் வந்தது. இடது காலில் கீறினார். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம் கழித்து, "தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர். பாய் குச்சியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யோசிச்சு சொல்றாம்மா ஒம் புருசன். நீ சொல்லு தங்கச்சி. எடது காலு மரத்துப் பூடுதா?"

மேஸ்திரியின் மச்சான் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையில் குப்புறக் கிடந்தவரின் விரல்கள் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக் காலையில் அவர் பேரை அடித்துவிடுவார்கள். வேறு ஆள் பேர் அந்த இடத்தில் ஏறிவிடும். என் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

"இல்ல பாய்" என்றேன். "நல்லாத்தான் நடக்கறாரு."

வாய் கூசவில்லை. நாக்கு தடுமாறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறமாட்டேன் என்கிறது. பாய் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பிஸ்மில்லா" என்று எண்ணெய்க் கிண்ணத்தில் கை வைத்தார்.

அவர் கை வேலையை இப்போது நினைத்தாலும் அதிசயமாகத்தான் இருக்கிறது. கற்பூரம் போட்ட நல்லெண்ணெய் வாசனை. தோளில் ஆரம்பித்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டை விரலால் இறங்கிக்கொண்டே வந்தார். இடுப்புக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி தொடையில் கை வைத்தார், மறுபடி இடுப்புக்கு வந்தார். கடைசியில் ஒரு காலை மடக்கி, இடுப்பில் முழங்கையை ஊன்றி, "மூச்ச வுடு" என்று சொல்லி ஒரு அழுத்து அழுத்தினார். 'சடக்' என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் கத்தினார். பிறகு பெருமூச்சு விட்டார். எழுந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் அடிபட்டதிலிருந்து இல்லாத தெளிவு. "பாய், நீ மனுசனே இல்ல, தெய்வம்" என்றார். மேஸ்திரியின் மச்சான்கூட, "கெளம்பிடுச்சுபா குதிர" என்று சிரித்தான். மூன்று நாள் ஒன்றையும் தூக்கக் கூடாது, வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், சூடாகக் கேழ்வரகுக் கஞ்சி குடிக்க வேண்டும் என்று பாய் என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! அவர் நிமிர்ந்து நடந்தார். வழியில் எனக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தார். "பாத்தியாமே, சும்மா பயந்த" என்று என் தலையில் குட்டினார். பர்மனெண்ட் ஆனதும் தண்டையார்பேட்டையில் தனி வீடு பார்க்கலாம் என்றார். பையன் பிறந்தால் படிக்க வைப்பது, பெண் பிறந்தாலும் படிக்க வைப்பது என்று முடிவு செய்தோம். என் பொய் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். கடவுளுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் அவருடையவையாக இல்லை. சிறுநீர் வரவில்லை. வயிறு உப்பி வேதனையில் கத்தினார். அவருடைய அண்ணனும் நாலு ஆட்களும் சேர்ந்து கை வண்டியில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே பார்த்த டாக்டர், மரத்துப் போக ஆரம்பித்து எத்தனை நாள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அவரிடம் உண்மையைச் சொன்னார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். "அன்றைக்கே வந்திருக்க வேண்டும்" என்றார் டாக்டர். மாலீஷ் செய்ததால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். அதனாலும் இருக்கலாம், அடுத்த மூட்டையைத் தூக்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைக் கட்டிக்கொண்டு நான் எத்தனை வருடம் ஆறுதல் தேடிப் பார்த்தேன் தெரியுமா? கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது, போயிற்று. அவர் பேர் இருந்த இடத்தில் வேறு ஒருவர் பேர் ஏறியது.

ஆட்கள் பாயைச் சும்மா விடவில்லை. வியாழக்கிழமை நடந்து போனவன் வெள்ளிக்கிழமை படுத்துவிட்டான், நடுவில் என்ன நடந்தது? பாயின் கை பட்டது. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அண்ணன் முன்னால் நிற்க, ஒரு கூட்டம் கொட்டகைக்குப் போயிற்று. பலகையை உடைத்தார்கள், எண்ணெய்க் கிண்ணத்தைத் தெருவில் வீசினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன், சத்தியமாக. பாய் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் அடி விழுந்து கண்ணாடி கீழே கிடந்தது. "இன்னாய்யா சொல்ற இப்போ?" என்று அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். பாய் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து, 'இவளைக் கேட்டேன், இல்லை என்று சொன்னாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே மேஸ்திரியின் மச்சானும் இருந்தான். கேட்டதும் பதில் சொன்னதும் அவனுக்கும் தெரியும்.

"என் கை தப்பு நைனா" என்றார் பாய். "வேற ஒண்ணியும் இல்ல. என் கை தப்பு."

நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறவள். புருஷன் ஆஸ்பத்திரியில், வயிற்றில் பிள்ளை. அவரைப் படுக்க வைத்தவளே நான்தான் என்று தெரிந்தால் அன்றைக்கே என்னைத் தெருவில் விட்டிருப்பார்கள். இதெல்லாம் காரணம்தான். காரணம் எல்லாருக்கும்தான் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வுடுமே. உன்ன அனுப்பிச்சுட்டா எனக்கு யாரு கீறா?" என்றார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்றிலிருந்து அவருக்குப் பேர் 'கால் வாங்கின பாய்'. மாலீஷ் பாய் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, கால் வாங்கின பாய் என்றால் குழந்தைக்கும் தெரியும். யாரும் அவரிடம் உடம்பைக் காட்டப் போகவில்லை. அவராகவும் கொட்டகையைத் திரும்பக் கட்டவில்லை. ஒரு விறகுத் தொட்டியில் காவல் வேலைக்குப் போனார்.

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார். அண்ணன் குடும்பம் திருவொற்றியூருக்குப் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். "படுத்துகினே இருந்தா முதுகு புண்ணாய்டும் தங்கச்சி. நான் பொரட்டிப் போட்டுப் பிடிச்சு வுடறேன்" என்றார். அதிலிருந்து வாரம் தவறாமல் வந்தார். கை கழுவி, எண்ணெய் காய்ச்சி, உணர்ச்சியே இல்லாத அந்தக் கால்களைக் குழந்தையின் காலைப் பிடிப்பது போலப் பிடித்துவிடுவார். விரல் விரலாக நீவுவார். என் வீட்டுக்காரரும் அவரும் துறைமுகத்தில் வந்த கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிரிப்புச் சத்தம்கூட வரும். கடைசி வரைக்கும் என் வீட்டுக்காரர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. இதற்கிடையில் எட்டாவது படித்ததை வைத்து நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, மாநகராட்சிப் பள்ளியில் வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் சந்தில் நான் நிஜமாகவே வாத்தியாரம்மா ஆகிவிட்டேன். என் மகளுக்கு மட்டும் பாயைக் கண்டால் ஆகாது. தெருவில் என்ன பேசிக்கொண்டார்களோ அதைக் கேட்டு வளர்ந்தவள்.

மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது, மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த பாயிடம் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "பாய், அன்னிக்கி நான் பொய் சொன்னேன்."

"தெரியும் தங்கச்சி" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"கை வெச்ச ஒடனே. எடது காலு சதை செத்துக் கெடந்துச்சு. நீ பொய் சொல்லலாம், அவன் பொய் சொல்லலாம், சதை சொல்லாது. கைய எடுத்துட்டு எழுந்து போன்னு சொல்லியிருக்கணும் நான்." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "உன் வயித்தப் பாத்தேன். நாலு நாளு நின்னான்னா பர்மனெண்ட் ஆய்டுவான், புள்ள பொறக்கச்சொல்லோ சோத்துக்குப் பஞ்சமில்லாம இருக்கும்னு நெனச்சேன். நீ சொன்னத நம்புனா மாதிரி நடிச்சேன். அவனுங்ககிட்ட என் கை தப்புன்னு சொன்னது உன்ன காப்பாத்தறதுக்கு இல்ல. நெசமாவே என் கை தப்பு."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. போகும்போது மட்டும், "இத்த புள்ளைக்குச் சொல்லிடாத. அது வயித்துல இருந்ததுக்காகன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சுடும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. பெரிய மனுஷர் சொல்லிவிட்டார், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? என் வீட்டுக்காரர் போய் இரண்டாவது வருடம் பாயும் போய்விட்டார். அவர் மையத்தைத் தூக்கிப் போக ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் ஒரு கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

போன மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்கு நானும் மகளும் போயிருந்தோம். பந்தி முடிந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பையன் கழுத்துப் பிடிப்பு என்று மசாஜ் செய்கிற இடத்துக்கு முதல் தடவையாகப் போவதாகச் சொன்னான். ஏசி அறையாம், மெல்லிய பாட்டாம், போனவுடன் ஒரு தாளைக் கொடுத்துப் பழைய அடி, மரமரப்பு, ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்களாம். அதைக் கேட்டு அங்கே இருந்த ஒருவர், மேஸ்திரி கூட்டத்தில் வேலை பார்த்த யாருடைய மகனோ, "பாத்துடா, எங்கப்பா சொல்லுவாரு. அந்தக் காலத்துல காசிமேட்டுல ஒரு ஆளு, கால் வாங்கின பாய்னு பேரு. நடந்து வந்தவன் கால மடக்கி..." என்று சொல்லிக் கையால் முறிப்பது போலக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது.

"அவர் கேட்டார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கால் மரத்துப் போவுதான்னு என்கிட்டதான் கேட்டார். நான்தான் இல்லன்னு சொன்னேன். போச்சு என் புருஷன் கால். அவர் மேல ஒரு தப்பும் இல்ல." அப்புறம் மேஸ்திரியின் மச்சான், திங்கட்கிழமை, வயிற்றுப் பிள்ளை, மழை நாளில் பாய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர், "எனக்குத் தெரியாதும்மா" என்று எழுந்து போனார்.

என் மகளுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இருவரும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்காமல் திரும்பி நின்றாள்.

"வெள்ளிக்கெழம அவரு வரச்சொல்லோ நான் உள்ள தாப்பா போட்டுக்குவேன். 'கண்ணு, தொறம்மா, நைனாவுக்கு எண்ணெ போடணும்'னு வெளிய நின்னுகினு கெஞ்சுவாரு. எங்க நைனா கால வாங்குனவனே, போடான்னு கத்துவேன். எவ்ளோ நேரம் நிப்பாரு." அவள் என் பக்கம் ஒரு அடி வந்தாள். "நீ உள்ளதானம்மா இருந்த?"

"உள்ளதான் இருந்தேன்" என்றேன்.